சகோதரச் சங்கங்களும் சட்டப் பொறுப்பும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது விடுதியிற் புதிய மாணவர் வந்து சேரும் காலம் அணுகியிருக்கின்றது. வழக்கம்போல் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றி நாம் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். காரியதரிசி அவர்கள் நம்மிடம் தலைப்புக் கேட்டபோது, அமெரிக்க நாட்டு மாணவர் சங்கங்களில் புதியோர்க்கு இழைக்கப்படும் துன்பத்தையும், அத்துன்பத்திற்கு யார் யார் பொறுப்பாளிகள் என்று அந்நாட்டு நியாயஸ்தலங்களும் சட்டசபைகளும் கண்ட முடிவுகளையும் எடுத்துப் பேசுவதாகச் சொன்னோம். "தமிழ்ப் பண்டிதருக்கு இது எதற்கு?" என்று அவர் நகைத்தார். சட்டம் நாம் முறையாகக் கற்றதன்று. ஆயினும் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பழகி வருகிறோம். நமது சங்கத்தாருடைய மக்கள் சிலர் அந்நாட்டிலேயே இப்பொழுது கல்வி பயில்கின்றனர். இவையெல்லாவற்றினும் மேலாக, நாமும் ஒரு சங்கத்தார். நமக்கும் ஒரு விடுதி உண்டு. இத்துணைக் காரணம் போதும் என்று அவரும் ஒப்பினார்.

அமெரிக்காவில் மாணவர் தமக்குள் அமைத்துக்கொள்ளும் சங்கத்திற்குப் 'பிரட்டர்னிட்டி' என்றும், மாணவியர் அமைப்பதற்கு 'ஸொராரிட்டி' என்றும் பெயர். இலத்தீன் மொழியில் 'பிராத்தர்' என்பது உடன்பிறந்தானையும் 'ஸொரோர்' என்பது உடன்பிறந்தாளையும் குறிக்கும். ஆகவே அவற்றைச் சகோதரச் சங்கம், சகோதரிச் சங்கம் என்றே நாம் வழங்குவோம். 1776ஆம் ஆண்டில் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்-மேரிக் கலாசாலையில் மாணவர் சிலர் கூடி 'ஃபை பீட்டா கப்பா' என்னும் மூன்று கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்து ஒரு சங்கம் கண்டனர். அது பிற்காலத்தில் கல்வியிற் சிறந்தோரைப் பாராட்டும் சபையாக மாறிவிட்டது. எனினும் இரகசியச் சொல், உறுதிமொழி, உறுப்பினர் மட்டும் அறியும் கைகுலுக்கு முறை என்று அது வகுத்தவை பின்வந்த சங்கங்களுக்கெல்லாம் முன்மாதிரியாயின. எழுத்துக்களையே பெயராகக் கொள்ளும் இவ்வழக்கு, எழுத்திலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு ஒருவாறு இன்பந் தருவதே. ஆனால் அவ்வெழுத்துக்களின் பின்னே மறைத்து வைக்கும் இயல்பும் உடன்தோன்றிற்று என்பதை மறக்கலாகாது.

இச்சங்கங்கள் தீமையே வடிவாயின என்று நாம் கூற வரவில்லை. ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளைக்குத் தங்க அறையும், பேச ஆளும், படிப்பு முடிந்தபின் வேலைக்குச் சிபாரிசும் இவற்றாற் கிடைக்கின்றன. ஒவ்வொரு சங்கத்திற்கும் பல கலாசாலைகளிற் கிளைகள் உண்டு. கிளைகளுக்கு மேலே நாடு முழுதும் தழுவிய தலைமைச் சபை உண்டு. அச்சபை ஆண்டுதோறும் சந்தா வாங்குகின்றது. பழைய உறுப்பினர் பணமுடையராய் இருப்பர். கிளைக்கு வீடு கட்டித் தருவர். கலாசாலைக்கும் நன்கொடை அளிப்பர். நம் சங்கத்தின் அமைப்பை அறிந்தோர்க்கு இவற்றுள் ஒன்றும் புதுமையாகத் தோன்றாது.

சேர விரும்பும் மாணவனை உடனே உறுப்பினனாகக் கொள்வதில்லை. சில வாரம் அவன் 'பிளெட்ஜ்', அஃதாவது வாக்குக் கொடுத்துக் காத்திருப்பவன். அக்காலத்தில் அவன் மனவுறுதியைச் சோதிப்பதாகச் சொல்லி மூத்தோர் செய்விக்கும் இழிவும் துன்பமுமே 'ஹேஸிங்' எனப்படும். நம் நாட்டார் 'ராகிங்' என்பதற்கு அஃது உடன்பிறப்பு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ராகிங், கல்லூரியிற் சேர்ந்த எவனையும் வழிமறித்துப் பற்றும். ஹேஸிங்கோ, 'எங்களுள் ஒருவனாக வேண்டுமா? அப்படியாயின் இதைச் செய்' என்று ஆசை காட்டி அழைக்கும். சட்டத்திற்கு நேர்ந்த இடர்ப்பாடு முழுவதும் இந்த அழைப்பிலேதான் இருக்கிறது. அழைத்தபோது அவன் தானே வந்தான். கொடுத்தபோது தானே குடித்தான். பின்பு இறந்தால் குற்றம் யாருடையது?

1978ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், நியூயார்க் மாகாணத்து ஆல்பிரட் சர்வகலாசாலையில் சக் ஸ்டென்ஸெல் என்னும் மாணவரையும் வேறு இருவரையும் ஒரு மோட்டார் வண்டியின் பின்புறச் சாமான் பெட்டியுள் அடைத்தனர். சாராயமும் பீரும் திராட்சை மதுவும் கையிற் கொடுத்து, அவற்றைக் குடித்து முடித்தாலன்றிக் கதவு திறவாது என்றனர். குளிர் கடுமையான இரவு. அவ்விரவிலேயே ஸ்டென்ஸெல் இறந்தார். அவருடைய தாய் ஐலீன் ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையார் மகனைப் பறிகொடுத்த துயரோடு அமைந்துவிடவில்லை. மகன் பெயரின் எழுத்துக்களையே முதலெழுத்துக்களாகக் கொண்ட ஓர் அமைப்பை நிறுவினார். கலாசாலை தோறும் சென்று மாணவர்முன் பேசினார். மாகாணச் சட்டசபைகளின் வாயில்களிற் போய் நின்றார். வழக்கறிஞர் பலர் கூடிச் செய்யாததைப் படிப்பால் வழக்கறிஞரல்லாத ஒரு தாய் செய்தார் என்பதைத் தாய்மார்கள் கருத்திற் கொள்ளும்படி வேண்டுகிறோம். இன்று அந்நாட்டில் 44 மாகாணங்கள் ஹேஸிங்கைத் தடுக்கும் சட்டம் உடையன.

மதுவின்மேற் பழியை ஏற்றிவிட்டு ஒதுங்குவாரும் உளர். 2005ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், சிக்கோ நகரத்துச் சகோதரச் சங்க வீடு ஒன்றின் நிலவறையில், மாத்யூ காரிங்டன் என்னும் இளைஞர்க்கு ஊட்டப்பட்டது மது அன்று, வெறும் தண்ணீர். உடற்பயிற்சி செய்யச் சொல்லி, மின்விசிறியின் குளிர்காற்றில் நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பித்தனர். இரத்தத்தில் உள்ள உப்பு அளவு மீறிக் குறைந்து மூளை வீங்கி அவர் மாண்டார். அடுத்த ஆண்டில் அவர் பெயரால் அம்மாகாணத்திற் சட்டம் பிறந்தது. கடுமையான காயமோ மரணமோ விளைவிக்கும் ஹேஸிங்கைப் பெருங்குற்றமாகவே வழக்கிட அச்சட்டம் வழி செய்தது.

'தானே இசைந்தான்' என்னும் வாதத்திற்கு அந்நாட்டுச் சட்டங்கள் பல இப்பொழுது சொல்லும் விடை தெளிவானது. இசைவு எதிர்வாதம் ஆகாது. புளோரிடா, பென்ஸில்வேனியா முதலிய மாகாணங்கள் இதனை எழுத்திலேயே பொறித்துள்ளன. ஏனெனில் அவ்விசைவு தனிமனிதன் தன்னுரிமையோடு தந்த இசைவன்று. பதினெட்டு வயதுப் பிள்ளை. வீட்டை விட்டு வந்து சில வாரமே ஆயிற்று. எதிரே நிற்போர் இருபது பேர். வெளியேறினால் நண்பர் ஒருவரும் இல்லை. அந்நிலையில் 'முடியாது' என்று சொல்லப் பெரியோர்க்கே நா எழாது. ஆயினும் நஷ்டஈடு வழக்கில் இவ்வாதம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. மயாமி சர்வகலாசாலையில் 2001ஆம் ஆண்டு நவம்பரில் சாட் மெரிடித் என்னும் மாணவர், மது உண்டபின் சங்கத்து மூத்தோருடன் கலாசாலை ஏரியை நீந்திக் கடக்கப் புகுந்து மூழ்கி இறந்தார். 2004இல் ஜூரிகள் 1 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டம் என்று மதிப்பிட்டு, அதிற் பத்தில் ஒரு பங்கு பிழை இறந்தவர்மேலதே என்று கழித்துவிட்டனர். பத்தில் ஒரு பங்கு என்று ஒரு பிள்ளையின் பிழையை எந்தத் தராசில் நிறுத்தனர் என்பது நமக்கு விளங்கவில்லை. ஆனால் எஞ்சிய ஒன்பது பங்கைச் சங்கத்தில் மூத்த மாணவரே தாங்க வேண்டியதாயிற்று என்பதே இங்கே நாம் கொள்ளத்தக்கது. அவ்வழக்கை அடுத்து 2005இல் புளோரிடா மாகாணம் மெரிடித் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது.

இனி, கையால் தீங்கு செய்யாது அருகே நின்றவரைப் பற்றிச் சொல்லுவோம். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, பென்ஸில்வேனியா மாகாணச் சர்வகலாசாலையில் 'பீட்டா தீட்டா பை' என்னும் சங்கத்து வீட்டில், திமொத்தி பியாஸா என்னும் 19 வயது மாணவர் புதியோருள் ஒருவராய்ச் சேர்ந்தார். புதியோரை வரிசையாக ஓட்டி, நிறுத்துமிடந்தோறும் மது கொடுத்தனர். 82 நிமிஷத்தில் 18 முறை அவர் குடிக்க நேர்ந்தது என்று அரசாங்கத் தரப்பினர் கணக்கிட்டனர். அன்றிரவே அவர் நிலவறைப் படிகளில் தலைகுப்புற வீழ்ந்தார். தூக்கிக் கொண்டுவந்து மெத்தை நாற்காலியிற் கிடத்தினார்கள். எழுந்தார், வீழ்ந்தார், மீண்டும் எழுந்தார், மீண்டும் வீழ்ந்தார். வீட்டில் அமைத்திருந்த படம்பிடி கருவிகள் இவற்றையெல்லாம் பதிவு செய்துகொண்டேயிருந்தன. உதவி கேட்டு டெலிபோன் செய்யப்பட்டபோது ஏறக்குறைய 12 மணி நேரம் கழிந்துவிட்டது. பிப்ரவரி 4ஆம் தேதி அவர் உயிர் நீங்கியது.

அவ்வீட்டில் இருந்தவருள் ஒருவன்கூட இரக்கமில்லாதவனோ என்று கேட்பீர்கள். ஒருவன் இருந்தான். அவனும் சங்கத்தில் இளையவனே. வைத்தியரை அழைக்க வேண்டும் என்று வற்புறுத்தியபோது மூத்தவன் ஒருவன் தன்னைச் சுவரோடு தள்ளினான் என்று அவன் பின்னர்ச் சொன்னான். கூட்டத்தில் அறிவு இருந்தது. அதிகாரம் அதன் கையில் இல்லை. வள்ளுவப் பெருந்தகையார் நட்பு என்று ஓர் அதிகாரம் பாடி அமையாது, தீ நட்பு என்றும் கூடா நட்பு என்றும் வேறுவேறு அதிகாரம் ஏன் வகுத்தார் என்று வகுப்பிற் பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. இனி அவ்வினாவிற்கு இவ்வரலாற்றைச் சொல்லலாம் போலும்.

ஆங்கில மரபில் வந்த சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. வழியில் வீழ்ந்து கிடப்பவனை எடுத்து உதவும் கடமை, தொடர்பில்லாத வழிப்போக்கனுக்கு இல்லை என்பதே அது. அறநூல் இதனை ஒப்பாது, சட்டநூல் ஒப்பியது. ஹேஸிங் வழக்குகளால் அவ்விதி சிறிது சிறிதாகத் தளர்ந்து வருகிறது. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹேஸிங்கை நேரில் அறிந்தும் அறிவிக்காதிருப்பதே குற்றம். புளோரிடாவில் 2019இல் இயற்றிய சட்டம், நிகழ்ந்த இடத்தில் இல்லாவிடினும் அதற்குத் திட்டம் வகுத்தவனையும் ஏவினவனையும் பற்றும். முதலில் டெலிபோன் செய்து உதவி அழைத்தவனைத் தண்டியாது விடும். பியாஸா பெயரால் 2018இல் பென்ஸில்வேனியா இயற்றிய சட்டமும் உதவிக்கு அழைத்தவனைக் காக்கின்றது. பயந்து கதவை அடைத்துக்கொள்வோரைக் கதவு திறக்கச் செய்யும் உபாயம் இது. நம்மைக் கேட்டால், தண்டனையை மிகுப்பதைக் காட்டிலும் இந்த மன்னிப்பே உயிர் காக்க வல்லது என்போம். அவ்வழக்கிலே தண்டனை எவ்வளவில் முடிந்தது என்பதையும் பாருங்கள். இருபதின்மருக்கு மேற்பட்டோர்மீது குற்றம் சாட்டினர். மனிதக்கொலைக் குற்றச்சாட்டுக்கள் நிலைபெறவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 2024இலே, கடைசி இருவர் சிறிய குற்றங்களை ஒப்புக்கொண்டனர். சிறைவாசம் 2 முதல் 4 மாதமே.

அடுத்த வினா நமக்கு மிக நெருங்கியது. கிளையில் நடந்ததற்குத் தலைமைச் சபை பொறுப்பாமோ? அச்சபைகளின் வாதம் இது: 'ஹேஸிங் கூடாது என்று விதி எழுதி எல்லாக் கிளைகளிடமும் கையொப்பம் வாங்கியிருக்கிறோம், விதியை மீறினவர் அவர், நாமோ நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் இருக்கிறோம்.' சில வழக்குகளில் இவ்வாதம் வென்றதுமுண்டு, தோற்றதுமுண்டு. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம்.

'பை டெல்டா ஸை' என்பது அமெரிக்காவிற் குடியேறிய ஆசியர் வழிவந்த மாணவர்க்கென ஏற்பட்ட சங்கம். நியூயார்க் நகரத்து பரூக் கலாசாலையில் அதற்குக் கிளை இருந்தது. அக்கிளையார் பென்ஸில்வேனியாவின் போக்கோனோ மலைப்பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் புதியோரை அழைத்துச் சென்றனர். அங்கே ஒரு சடங்கு. புதியவன் கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டை ஏற்றி, உறைந்த வெளியில் நடக்கவிடுவர்; மூத்தோர் பலர் பாய்ந்து அவனை வீழ்த்துவர். வந்தேறிய தம் முன்னோர் அந்நாட்டிற்பட்ட இன்னலை இளையோர்க்கு உணர்த்துவதே அச்சடங்கின் உட்பொருளாம்! மைக்கேல் டெங் என்னும் மாணவர் இதில் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். சங்கத்தார் அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவில்லை. சங்கத்தின் அடையாளப் பொருள்களை ஒளித்து வைப்பதில் முனைந்தனர் என்று அரசாங்கத் தரப்பினர் கூறினர். டெங் இறந்தார். 37 பேர்மீது வழக்குத் தொடர்ந்தது. அதனோடு, தனி மனிதனைப் போலவே சங்கத்தையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினர். 2017 நவம்பரில் ஜூரிகள் அச்சங்கம் கொடுந்தாக்குதலும் கருதாக் கொலையும் புரிந்த குற்றமுடையது எனக் கண்டனர். 2018 ஜனவரியில், 10 ஆண்டுகள் அச்சங்கம் அம்மாகாணத்தில் இயங்கலாகாது என்றும், 1 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட அபராதம் கட்டவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

நாம் இவ்வழக்கைப் படித்தபோது ஒன்றை நினைந்து நெடுநேரம் வாளா இருந்தோம். முன்னோர் பட்ட துன்பம் என்பது உண்மையான பொருள். நம் சமூகத்தாரும் அத்தகைய கதைகள் பல உடையோம். பெருமிதத்தோடு பிள்ளைகட்குச் சொல்லுகிறோம். அக்கதையைச் சொல்வதற்கு ஒரு தாயின் பிள்ளையை இருளில் நடக்கவிட்டு வீழ்த்த வேண்டுவதில்லை. அவ்விளைஞர் தம் இனத்தாரைப் பகைத்தோர் அல்லர். இனப்பற்று மிக உடையோரே. இனப்பற்றின் பெயரால் நிகழ்ந்தமையாலேயே அதனை எவரும் தீங்கென்று ஐயுறவில்லை போலும்.

பணத்தின் வழியும் அறியத்தக்கது. இச்சங்கங்கள் இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கின்றன. ஆனால் அப்பத்திரங்களில் ஹேஸிங்கால் நேரும் நஷ்டத்திற்குப் பொறுப்பில்லை என்று விலக்கு எழுதப்பட்டிருப்பது பெரும்பான்மை. அங்ஙனமாயின் வழக்கு யார்மேற் பாயும்? மாணவன்மேலும், அவன் பெற்றோர் தம் வீட்டிற்கென்று எடுத்த இன்ஷூரன்ஸ் பத்திரத்தின்மேலும் பாயும். தூரதேசத்துக் கலாசாலையில் படிக்கும் பிள்ளையும் அப்பத்திரத்தில் வீட்டாருள் ஒருவனாகவே எண்ணப்படுவதுண்டு. சங்கத்திற்குச் சந்தாக் கட்டியும், வழக்கு வந்தபோது சங்கம் கைவிட, பெற்றோர் வீட்டுப் பத்திரத்தை எடுத்து நீட்டவேண்டிய நிலை! அமெரிக்காவிற் பிள்ளைகளை வைத்திருக்கும் நம்மவர் இதனைக் குறித்துக்கொள்வது நன்று.

கலாசாலைகளின் நிலைக்கு வருவோம். முற்காலத்தில் கலாசாலை பெற்றோர் ஸ்தானத்தில் நின்றது. மாணவர் எப்போது உறங்குவது என்பதையும் அதுவே விதித்தது. 1960க்குப் பின் மாணவர் தம் உரிமைக்கு வழக்காடினர். நியாயஸ்தலங்கள் மாணவரை வளர்ந்த மனிதராகவே கொண்டன. அதன் விளைவாக, கலாசாலைக்கு மாணவரைக் காக்கும் கடமை இல்லை என்ற கொள்கையும் பரவிற்று. 1979இல் பிராட்ஷா என்பவர் தொடர்ந்த வழக்கில், இக்காலத்துக் கலாசாலை மாணவரின் பாதுகாப்பிற்கு உத்தரவாதி அன்று என்று மேல் நியாயஸ்தலம் சொல்லிற்று. உரிமை கேட்டார்க்கு உரிமையும் கிடைத்தது, காவலும் நீங்கிற்று.

இக்கொள்கையைத் தடுத்து நிறுத்திய வழக்கு டெலவேர் மாகாணத்தது. 1980இல் அம்மாகாணச் சர்வகலாசாலையில் 'ஸிக்மா ஃபை எப்ஸிலான்' என்னும் சங்கத்தார் 'நரக இரவு' என்று பெயரிட்டு ஒரு சடங்கு நடத்தினர். அதில் ஜெப்ரி பியூரெக் என்னும் மாணவரைக் கண்கட்டி மடைப்பள்ளிக்கு இட்டுச் சென்று, அடுப்புத் துலக்கும் காரநீரை அவர் முதுகிலும் கழுத்திலும் ஊற்றினர். உடல் வெந்தது. கால்பந்தாட்டத் திறமைக்காக அவர் பெற்றிருந்த உபகாரச் சம்பளத்தையும் விட்டு அவர் கலாசாலையினின்று விலகினார். ஜூரிகள் 30 ஆயிரம் டாலர் விதித்து, அதில் நூற்றுக்கு 93 பங்கு சர்வகலாசாலையினுடையது, 7 பங்கே ஊற்றியவனுடையது என்றனர். விசாரணை நீதிபதி சர்வகலாசாலையை விடுவித்தார். 1991இல் மாகாண உச்ச நியாயஸ்தலம் நடுவழி கண்டது. பங்கீடு அளவு கடந்தது, அதனை மறுபடி ஆராய்க என்றது. தலைமைச் சபைக்குப் பொறுப்பில்லை என்றது. ஆனால் சர்வகலாசாலை பொறுப்பினின்று தப்பாது என்று முடித்தது. காரணம் யாதெனின், அங்கே ஹேஸிங் நிகழ்வதைச் சர்வகலாசாலை முன்னரே அறிந்திருந்தது. கூடாதென்று அறிக்கை வெளியிட்டிருந்தது. வெளியிட்டபின் அதனை நடைமுறையிற் காவாது விட்டது. அறிந்தவனுக்குக் கடமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இங்கே நமது அநுபவம் ஒன்றையும் சொல்லிச் செல்லுகிறோம். நாம் பயின்ற கல்லூரியின் விடுதியில், பெயர் வேண்டா, புதிய மாணவர் நள்ளிரவில் வாளியைத் தலையில் ஏந்தி ஒற்றைக்காலில் நின்று யாப்பிலக்கணச் சூத்திரங்களைத் தலைகீழாக ஒப்பிக்கும் வழக்கம் இருந்தது. தவறினால் வாளியில் நீர் கூடும். நமக்குச் சூத்திரங்கள் நன்கு பாடமாயின என்பது உண்மையே. அந்நேரத்தில் மாடியில் விடுதித் தலைவர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வாளி விழும் ஓசை கேட்டதும் அவ்விளக்கு அணைந்துவிடும். பியூரெக் வழக்கின் தீர்ப்பைப் படித்தபோது நமக்கு அவ்விளக்குத்தான் நினைவுக்கு வந்தது.

டெலவேர்த் தீர்ப்புக்குப் பின் கலாசாலைகள் பணங்கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்வது பெருகிற்று. ஒஹையோ மாகாணத்து பௌலிங் கிரீன் சர்வகலாசாலையில் 2021 மார்ச்சு மாதத்தில் ஸ்டோன் போல்ட்ஸ் என்னும் மாணவர் ஒரு முழுப் புட்டி மது குடிக்கவேண்டிய சடங்கிற்குப் பின் இறந்தார். 2023இல் அச்சர்வகலாசாலை அவர் குடும்பத்தார்க்கு ஏறக்குறைய 29 லட்சம் டாலர் தர ஒப்பியது. மேலும் 2024 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் மத்திய அரசாங்கமே ஒரு சட்டம் செய்தது. அது புதிய தண்டனை ஒன்றும் விதிக்கவில்லை. ஹேஸிங் நிகழ்ந்ததாக எவ்வெச் சங்கத்தின்மேல் முடிவு கண்டார்களோ அச்சங்கத்தின் பெயரையும் நிகழ்ச்சியையும் கலாசாலை பகிரங்கமாக வெளியிடவேண்டும் என்றது. கிரேக்க எழுத்தின் பின்னே ஒளித்ததைத் தெருவிற் கொண்டுவந்து வைப்பது அச்சட்டம். மகனைச் சேர்க்கும்முன் தந்தை படித்துப் பார்க்கலாம்.

நம் நாட்டுச் சட்டம் இதில் அமெரிக்கருக்குப் பிற்பட்டதென்று எண்ணவேண்டா. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் பொன். நாவரசு என்னும் மருத்துவ மாணவர் கொலையுண்டதைப் பெரியோர் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். சென்னைச் சர்வகலாசாலைத் துணைவேந்தரின் புதல்வருக்கே அக்கதி. கொலையாளி என்று குற்றஞ் சாட்டப்பட்ட மூத்த மாணவர்க்குச் செஷன்ஸ் நியாயஸ்தலம் 1998இல் ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2011இல் உச்சநீதிமன்றம் தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. அக்கொலையை அடுத்துப் பிறந்ததே 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். ராகிங் செய்தவர்க்கு 2 ஆண்டு வரை சிறையும் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதனினும் கூரியது ஒரு விதி. மாணவன் முறையிட்டும் விசாரியாது அசட்டை செய்த நிறுவனத் தலைவர், அக்குற்றத்திற்கு உடந்தையானவராகவே கருதப்பட்டு அதே தண்டனைக்கு உள்ளாவார். டெலவேர் நீதிபதிகள் நஷ்டஈட்டளவில் நிறுத்தியதை நம் சட்டசபையார் சிறைவாசல் வரை கொண்டுசென்றுவிட்டனர். 2009இல் ஹிமாசல மாகாணத்து மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரு என்னும் மாணவர் இறந்ததற்குப் பின், பல்கலைக்கழக மானியக் குழு ஒழுங்குவிதிகள் வெளியிட்டது. அவ்விதிகள் கல்லூரி வளாகத்துள் இருக்கும் விடுதியை மட்டுமன்றி வெளியே இருக்கும் விடுதியையும் தழுவுவன. மாணவரும் பெற்றோரும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுப்பது அவ்விதிகளால் வந்த வழக்கமே.

வெளியே இருக்கும் விடுதி என்று சொன்னோம். நம் விடுதி அத்தகையது. கல்லூரி வேறு, நாம் வேறு என்று நாம் ஒதுங்குவதற்கு இடமில்லை. கூரை நம்முடையது, சந்தா நம் கணக்கில் வருகின்றது, வாயிலிற் பொறித்திருப்பது நம் சமூகத்தின் பெயர். அப்பெயரை நம்பியே கிராமத்துத் தாய்தந்தையர், 'நம்மவர் விடுதி' என்று பிள்ளையை விட்டுச் செல்லுகின்றனர். அங்கே ஆண்டுதோறும் முதல் வாரத்தில் 'அறிமுக இரவு' என்ற ஒன்று நடைபெறுவதை இவ்வவையில் அறியாதார் இல்லை. மூத்த மாணவர் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இளையோரைப் பாடவும் ஆடவும் சொல்லுவர். இதுகாறும் தீங்கு ஒன்றும் நிகழவில்லை என்பர். எங்கள் காலத்திலும் உண்டு, நாங்கள் கெட்டா போனோம் என்பாரும் நம் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் நமக்கு மிக்க மதிப்பு உண்டு. ஆனால் சாத்திய கதவின் உள்ளே நடப்பதை நாம் அறிவோம் என்பது மறுக்கவொண்ணாதது. அறிவோம் என்றபின் டெலவேர்ச் சர்வகலாசாலைக்கும் நமக்கும் வேறுபாடு தூரம் ஒன்றே.

நிர்வாக சபையின் முன் நாம் எழுத்தில் வைத்திருப்பவை பெரியன அல்ல. புதியோரை வரவேற்கும் நிகழ்ச்சி இனிப் பகலில், கதவு திறந்து, பெற்றோரும் விடுதித் தலைவரும் இருக்க நடைபெறுக. விடுதியில் இரவுக் காவலுக்கு ஒருவரை அமர்த்துக. அவர் சம்பளத்திற்குப் பொருளாளர் அவர்கள் வழி காணவேண்டும். மூத்த மாணவன் எவனேனும் பயந்து உதவிக்கு அழைத்தால், அழைத்தவனை விடுதியினின்று நீக்குவதில்லை என்று முன்கூட்டியே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. செயற்குழு உறுப்பினர் இருவருடைய டெலிபோன் எண்கள் அதன் கீழே இருக்கட்டும். அவ்விருவருள் ஒருவராக இருக்க நாம் இசைகிறோம்.

அறிமுக இரவை நிறுத்தும் தீர்மானம் சிற்றுண்டிக்குப் பின் வாக்கெடுப்புக்கு வருகின்றது. முன்மொழிபவர் நாம். வழிமொழிய, அவ்விடுதியிற் பயின்று சென்ற பழைய மாணவர் ஒருவர் முன்வந்திருக்கிறார். பெற்றோர்கள் அதற்குமுன் புறப்பட்டுவிடாது அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.